கழுவினதோ

கஸ்தூரியார் வீதியில் மத்தியானம்.
முதலாளி சாப்பிடப் போயிருந்தார்.
தராசுத் தட்டில் ஓர் எறும்பு.
அது இறங்கும்வரை காத்திருந்தேன்.

பாசையூரிலிருந்து பிரகாசியக்கா வந்தா,
மீன் வாசம் போகக் கை கழுவி, முகத்துக்குப் பவுடர் போட்டு.
லக்ஸ்பிறே பைக்குள் கட்டிய சின்னப் பொட்டலம்.
"இழுவைப்படகு வலையை அள்ளிக்கொண்டு போட்டுது பிள்ளை.
இதுக்கு என்ன தருவியள்?"

முதலில் கரண்டி.
கொன்வென்ற் ஏலத்தில் மாமியார் எடுத்ததாம்.
காம்பின் பின்னால் நாலு சதுரம்,
சதுரத்துக்கு ஓர் ஆங்கில எழுத்து,
துரைமார் படத்துக்கு நிற்பதுபோல.
உள்ளே நிக்கல், மேலே வெள்ளிப் பூச்சு
என்று சொல்லத்தான் அத்தனை அலங்காரம்.
"இதாலை நீங்கள் பாயாசம் குடியுங்கோ அக்கா."
சிரித்தா. கரண்டியைத் திரும்பச் சுற்றினா.

குழந்தைத் தண்டைக்கு முத்திரையே இல்லை.
கல்லில் ஒரு கீறல், கீறலில் ஒரு சொட்டு அமிலம்.
இரத்தச் சிவப்பு. நல்ல வெள்ளி.
உள்வளைவில் ஊசியால் கீறிய இலக்கம்: 214.
ஏதோ ஓர் அடைவுகடை எனக்கு முன்பே இதைப் பார்த்திருக்கிறது.
"மூண்டு தரம் வைச்சனான்," என்றா நான் கேளாமலே.
"மூண்டு தரமும் மீட்டனான்."

பிறகு ஐம்பது சதங்கள் இரண்டு.
ஒரே ராசா, ஒரே மரம்.
"எங்கடை பனை," என்றா.
தாளிப்பனை என்று நான் திருத்தவில்லை.
பதினேழாம் ஆண்டுக் காசில் பத்துக்கு எட்டுப் பங்கு வெள்ளி.
பத்தொன்பதாம் ஆண்டுக் காசில் பாதிக்குச் சற்றே மேல்.
இடையில் எங்கேயோ பெரிய சண்டை நடந்து முடிந்தது.
ராசாவின் முகத்தில் அது தெரியவில்லை.

கடைசியாய், ஓர் இந்திய ரூபாய்.
ஆண்டைப் பார்த்தேன்.
பூதக்கண்ணாடியைத் துடைத்துவிட்டுத் திரும்பவும் பார்த்தேன்.
1939.
அந்த வருசத்தது வெளியே வந்தது கொஞ்சம்.
அடுத்த வருசமே வெள்ளியைப் பாதியாக்கிவிட்டார்கள்.
காசு சேர்ப்பவர்கள் இதற்கு என்ன கொடுப்பார்கள் என்று எனக்குத் தெரியும்.
ஒரு வலையில்லை, எஞ்சினே வரும்.

ஆனால் அது மின்னிக்கொண்டிருந்தது.
கன்னத்தில், கழுத்தில், எழுத்துகளுக்கு மேலே
ஒரே பக்கம் ஓடிய நூறு மயிர்க்கோடுகள்.

படம் எடுத்து வெள்ளவத்தைக்கு அனுப்பினேன்.
பதில் ஒரு சொல்லில் வந்தது:
கழுவினதோ?
நான் ஒன்றும் எழுதமுன் இன்னொன்று:
வேண்டாம்.

"ஏன் பிள்ளை, ஏதும் பிழையோ?
இராத்திரி முழுக்க இருந்து மினுக்கினனான்.
புளி போட்டு, பிறகு சட்டி தேய்க்கிற கம்பியாலை.
காதடியிலைதான் கொஞ்சம் கறுப்புப் போகேல்லை.
அதுக்கெண்டு குறைச்சுப் போடாதேங்கோ."

காதடியில் பார்த்தேன்.
ஓர் எள்ளளவு கறுப்பு.
எண்பது வருசத்தில் அவ்வளவுதான் மிச்சம்.
"இல்லை அக்கா," என்றேன், "நல்ல வெள்ளி."

பதினொன்று புள்ளி நாலு கிராம்.
தண்டையோடும் சதங்களோடும் கூட்டி
கணக்குக்கு மேலே ஐந்நூறு வைத்தேன்.
அது என் சம்பளத்தில் போகும்.
அது எனக்குப் பெருமையாக இருக்கவில்லை.

எச்சில் தொட்டு எண்ணினா.
இரண்டாம் தரமும் எண்ணினா.
சட்டைக்குள் வைத்துக்கொண்டு வாசல்வரை போய்த் திரும்பினா.

"இதே மாதிரி இன்னும் ஆறேழு கிடக்கு பிள்ளை.
கரிக்கட்டை மாதிரி. கொண்டுவர வெக்கமாயிருந்தது.
ஞாயிறு பூசை முடிய வடிவாய் மினுக்கிக்கொண்டு வாறன்."

"வேண்டாம்!"
என் குரல் எனக்கே பெரிதாகக் கேட்டது.
"மினுக்காதேங்கோ. கிடக்கிறபடி கொண்டுவாங்கோ."

"கறுப்பாயோ?"

"கறுப்பாய்."

வாசல் வெயிலில் நின்று
என் முகத்தைப் பார்த்தா.
பிறகு தட்டில் கிடந்த ரூபாயைப் பார்த்தா.
விரல் நகத்துக்குள் இன்னும் இருந்த புளிச் சக்கையைப் பார்த்தா.

"அப்ப," என்றா மெதுவாக,
"இண்டைக்கு எவ்வளவு போச்சு?"

தெருமுனையில் முதலாளியின் மோட்டார்சைக்கிள் சத்தம்.